குழந்தை பால் கக்கினால்



கைக்குழந்தை உள்ள வீட்டைக் கண்டுபிடிக்க யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. தாயின் தோளில் ஒரு துண்டு கிடக்கும். கொடியில் பத்துப் பதினைந்து சின்னத் துணிகள் காயும். உள்ளே நுழைந்தால் இலேசான புளித்த பால் வாடை வரும். குடித்த பாலைக் குழந்தை கக்குகிறது என்பதற்கு இவையே சாட்சி. அதைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

ஒரு ரப்பர் தோட்டத்திற்குப் போயிருந்தபோது நாம் கண்டதை முதலில் சொல்லிவிடுகிறோம். லயத்தில் ஓர் இளம் தாய். தலைப்பிள்ளைக்கு நான்கு மாதம். பேறுகால விடுப்பு முடிந்து, மறுபடியும் மரம் வெட்டப் போகத் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. அவள் வேலைக்குப் போன நாளிலிருந்து குழந்தை அதிகமாகக் கக்குகிறது என்று வீடு முழுவதும் கவலை. "வெயில்ல நின்னு வேலை செஞ்சா பால் சூடேறிப் போவும், அந்தப் பால் பிள்ளைக்கு எப்படித் தங்கும்?" என்கிறார் மாமியார். "பால் கெட்டுப் போச்சு, பாருங்க, தயிராத் திரிஞ்சு வருது" என்கிறார் பக்கத்து வீட்டம்மாள். கணவரோ கடைக்குப் போய்ப் பால்மாவு டின்னின் விலையை விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பெண் நம்மிடம் கேட்டது ஒன்றுதான்: "என் பால் பிள்ளைக்கு ஆகலையாங்க?"

இந்தக் கேள்விக்குத் தவறான பதில் கிடைத்தால் நடப்பது என்ன? தாய் பால் கொடுப்பதைக் குறைப்பாள். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். சப்புவது குறைந்தால் ஊறுவதும் குறையும். சில வாரங்களில் "எனக்குப் பாலே இல்லை" என்ற நிலை தானாக வந்து சேரும். பிறகு மாதச் சம்பளத்தில் ஒரு பகுதி டின்னுக்குப் போகும். அதோடும் முடிவதில்லை. புட்டியைச் சரியாகக் கொதிக்க வைக்காமல், தண்ணீரும் சுத்தமில்லாமல், பால்மாவு சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்று ஒரு கரண்டி குறைத்துக் கலக்கினால், கக்கல் போய்ப் பேதி வரும். கக்கலால் துணிதான் கெடுகிறது. பேதியோ உயிரையே கேட்கும்.

சரி, குழந்தை ஏன் கக்குகிறது? பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் வெற்றிலைச் சுருக்குப் பையை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும். நம் உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்திலும் அப்படி ஒரு தசை வளையம் இருக்கிறது. உணவு இறங்கியதும் அது சுருங்கி வழியை அடைத்துக்கொள்ளும். கைக்குழந்தைக்கு அந்தச் சுருக்கு இன்னும் இறுகவில்லை. அடிக்கடி தளர்ந்து கொடுக்கும். குழந்தை உண்பதோ வெறும் பால். இருப்பதோ பெரும்பாலும் படுத்தபடி. இரைப்பையோ மிகச் சிறியது. பிறந்த அன்று சில தேக்கரண்டிப் பாலைத் தாங்குவதே அதற்கு அதிகம். இத்தனையும் சேர்ந்தால் பால் மேலே வராமல் என்ன செய்யும்?

தயிர் போலத் திரிந்து வருவதைக் கண்டும் பயப்பட வேண்டாம். இரைப்பையில் சுரக்கும் அமிலம் பாலைத் திரியச் செய்கிறது. குடித்த உடனே வந்தால் பாலாக வரும். சற்று நேரம் கழித்து வந்தால் திரிந்து வரும். செரிமானம் தொடங்கிவிட்டது என்பதுதான் அதன் பொருள். பால் கெட்டதன்று.

"குடித்ததெல்லாம் வெளியே வந்துவிடுகிறதே" என்று தாய்மார் அழுவதையும் பார்த்திருக்கிறோம். அதற்கு ஒரு சோதனை உண்டு. ஒரு மேசைக்கரண்டிப் பாலை, அதாவது 15 மில்லிலிட்டரை, பழைய சாரத்தின் மீது ஊற்றிப் பாருங்கள். ஓர் ஆள் கையளவுக்கு மேல் பரவிக் கிடக்கும். துணியில் பார்க்கும்போது குழந்தையின் கக்கல் எப்போதும் பெரிதாகத்தான் தெரியும்.

நான்கு மாதக் குழந்தைகளில் பாதிக்கு மேல் தினமும் ஒரு முறையாவது கக்குகின்றன. நான்காம் மாதத்தையொட்டித்தான் இது உச்சத்திற்குப் போகிறது. உட்காரப் பழகியபின் குறையத் தொடங்கி, ஒரு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு நின்றுவிடும். இதில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். மலேசியாவில் பேறுகால விடுப்பு 60 நாளாக இருந்தது. 2023 ஜனவரி முதல் 98 நாளாக உயர்ந்தது. 98 நாள் என்றால் 14 வாரம். தாய் வேலைக்குத் திரும்புவதும், கக்கல் உச்சத்திற்கு ஏறுவதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடக்கின்றன. பழி மட்டும் வெயிலின்மேலும் தாயின்மேலும் விழுகிறது.

தாயின் உடம்பில் ஊறும் பால் வெயிலில் சூடேறிக் கெடுவதில்லை. ஆனால் மாமியார் சொன்னதில் ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. "வேலை விட்டு வந்ததும் முதல் பாலைக் கொஞ்சம் பீய்ச்சி விட்டுட்டுக் கொடு" என்று பல பெரியவர்கள் சொல்வார்கள். காரணம் தவறு, காரியம் சரி. விடியுமுன் பெரட்டுக்குப் போனவள் நண்பகலில்தான் வீடு திரும்புகிறாள். ஆறேழு மணி நேரம் கட்டிய பால் மார்பில் கல்லாக இருக்கிறது. குழந்தை வாய் வைத்ததும் பால் பீறிட்டுப் பாய்கிறது. பசியோடு காத்திருந்த குழந்தை மடமடவென்று விழுங்குகிறது, இருமுகிறது, காற்றையும் சேர்த்துக் குடிக்கிறது. சிறிய பாத்திரத்தில் குடத்துத் தண்ணீரை ஒரே மூச்சில் கவிழ்த்தால் வழியத்தானே செய்யும்?

ஆகவே வந்தவுடன் கைகால் கழுவி, பூச்சி மருந்து, உரம் பட்ட உடையை மாற்றிக்கொள்ளுங்கள். மார்பு இறுக்கமாக இருந்தால் மெல்லப் பிடித்துவிட்டு, சிறிது பாலை ஒரு சுத்தமான கிண்ணத்தில் பீய்ச்சி எடுங்கள். எறிந்துவிட வேண்டாம், அது நல்ல பால். நம் ஊர்ச் சூட்டில் நான்கு மணி நேரத்திற்குள் கரண்டியால் ஊட்டிவிடலாம். முதல் வேகம் தணிந்தபின் குழந்தையை எடுங்கள். சுவரிலோ தலையணையிலோ நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, குழந்தையை உங்கள் மார்பின்மேல் கிடத்தியபடி கொடுத்தால் பால் மேல்நோக்கி ஏற வேண்டியிருக்கும்; வேகம் இன்னும் குறையும். குழந்தை திணறினால் வாயை விடுவித்து, பாய்கிற பாலைத் துண்டில் விட்டுவிட்டு மறுபடி கொடுக்கலாம். ஒரு பக்கத்தை நன்றாகக் குடித்து, தானாக விட்ட பிறகு மறு பக்கம் போதும். பசித்து அலறும் வரை காத்திராமல், கையைச் சப்பத் தொடங்கும்போதே கொடுங்கள். வீட்டில் இருக்கும் நேரத்திலும் இரவிலும் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுத்தால், மத்தியானத்து ஒரு வேளையில் அவ்வளவும் குடித்தாக வேண்டிய அவசரம் குழந்தைக்கு இராது.

குடித்து முடித்ததும் தோளில் சாய்த்து முதுகைத் தடவி ஏப்பம் விடச் செய்யுங்கள். ஏப்பம் வராவிட்டாலும் கவலை இல்லை. இருபது முப்பது நிமிடம் நிமிர்த்தி வைத்திருந்தாலே போதும். இது அப்பாவோ தாத்தாவோ செய்யக்கூடிய வேலை. ஆனால் சிகரெட்டை அணைத்துவிட்டு, கையையும் கழுவிக்கொண்டு வந்து தூக்கட்டும். புகை கக்கலையும் கூட்டும், நெஞ்சையும் கெடுக்கும். பால் குடித்த கையோடு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, வயிற்றை இறுக்கித் துணி கட்டுவது, தூக்கிப் போட்டு விளையாடுவது எல்லாம் வேண்டாம். சேலைத் தொட்டிலிலும் ஸ்பிரிங் தொட்டிலிலும் குழந்தையின் உடம்பு வளைந்து வயிறு மடங்கும். அதனால் குடித்த உடனே அதில் போட்டு ஆட்டாதீர்கள்.

தூங்க வைப்பது எப்படி? இதில் பெரியவர்கள் பலர் நம்மோடு வாதாடுவார்கள். "மல்லாக்கப் போட்டா கக்கின பால் புரையேறிடும், குப்புறப் போடு" என்பார்கள். அது வேண்டாம். மல்லாந்து படுத்த குழந்தை கக்கினாலும் அதை விழுங்கவோ இருமித் தள்ளவோ அதன் தொண்டைக்குத் தெரியும். குப்புறப் படுத்துத் தூங்கும் குழந்தைக்குத்தான் திடீரென்று மூச்சு நின்றுபோகும் ஆபத்து அதிகம். சமமான, கெட்டியான படுக்கையில், தலையணை இல்லாமல், மல்லாந்து படுக்க வையுங்கள்.

மருந்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் தேவையில்லை. இந்த வெயிலிலும் தண்ணீர்கூட வேண்டியதில்லை. ஓமத்தண்ணீர், கிரைப் வாட்டர், வசம்பு, பாலைக் கெட்டியாக்க அரிசி மாவு, எதுவும் வேண்டாம். ஒரு வயது ஆகும் வரை தேன் கூடவே கூடாது. தொண்டையில் விரலைவிட்டுத் தொக்கம் எடுப்பது, மூக்கில் ஊதுவது இரண்டும் அபாயமானவை. தாயை மிளகு ரசத்தோடு பத்தியத்தில் நிறுத்துவதாலும் கக்கல் நிற்காது. வேலைக்குப் போகிறவளைப் பட்டினி போட்டால் அவள்தான் நலிந்துபோவாள். மிகச் சில குழந்தைகளுக்கு மட்டும், தாய் அருந்தும் பசும்பாலின் சத்து ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு. அப்போது மலத்தில் இரத்தமோ உடம்பெல்லாம் சொறியோ கூடவே தெரியும். அதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

டின்னைப் பற்றி ஒரு பழைய செய்தி. சீனிக் கெட்டிப் பாலைக் குழந்தை உணவாக விற்றுக்கொண்டிருந்த 1939ஆம் ஆண்டில், சிங்கப்பூரில் பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண்மணி அங்குள்ள ரோட்டரி சங்கத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். தலைப்பு, 'பாலும் கொலையும்'. தாய்ப்பாலை நிறுத்தி டின்னுக்கு மாறிய குழந்தைகள் சாவதைக் கண்ணாரக் கண்ட மருத்துவர் வைத்த தலைப்பு அது. இன்றைய பால்மாவு அந்தக் கெட்டிப் பால் அன்று. தாயில்லாத குழந்தைக்கும், மருத்துவர் சொன்ன குழந்தைக்கும் அது தேவைதான். ஆனால் கக்கலுக்கு மருந்தாக அதை வாங்குவது வீண். புட்டிப்பால் குடிக்கும் குழந்தையும் கக்கும். சீனிக் கெட்டிப் பாலையும், தேநீருக்கு ஊற்றும் கிரீமரையும் இன்றும் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது.

"கக்கின பிள்ளை தக்கும்" என்று நம் முன்னோர் சொன்னார்கள். சிரித்து விளையாடி, எடை ஏறிக்கொண்டே கக்குகிற குழந்தைக்கு அது மெத்தச் சரி. எல்லாக் கக்கலுக்கும் அந்தப் பழமொழியைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. வாந்தி பச்சை நிறத்தில் வந்தால் குடல் அடைத்திருக்கலாம். நள்ளிரவானாலும் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பிறந்து மூன்று முதல் ஆறு வாரத்துக்குள், பால் ஒழுகாமல் ஓரடி தூரத்துக்கு விசையோடு பாய்ந்து, உடனே குழந்தை மறுபடி பசித்து அழுதால், இரைப்பையின் கீழ்வாசல் தடித்து அடைபட்டிருக்கக் கூடும். ஆண் குழந்தைகளுக்கு இது அதிகம். அறுவைச் சிகிச்சையில் குணமாகிவிடும். ஆனால் நாள் கடத்தினால் குழந்தை வற்றிவிடும். காய்ச்சல், உச்சிக்குழி புடைத்தல், வயிறு உப்பிக் கல்லாதல், பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கிக்கொண்டே இருத்தல், குடிக்கும்போது நீலம் பாய்தல் ஆகியவற்றோடு வாந்தியும் சேர்ந்தாலும் தாமதிக்கக் கூடாது. அதுவரை கக்காத குழந்தை ஆறு மாதத்திற்குமேல் புதிதாகத் தொடங்கினாலும் காட்ட வேண்டும். கக்கலில் இரத்தக் கீற்று தெரிந்தால் தாயின் மார்புக் காம்பு வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். பல சமயம் இரத்தம் அங்கிருந்து வந்ததாக இருக்கும். எப்படியாயினும் தாதியிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

பால் போதுமா என்பதைத் துணியில் பட்ட கறையைக் கொண்டு அளக்காதீர்கள். ஒரு நாளில் ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் கழிக்கிறதா என்று எண்ணுங்கள். பெம்பர்ஸ் கட்டினால் அது கனக்கிறதா என்று கையில் தூக்கிப் பாருங்கள். பிறகு கிளினிக் எடைத் தராசு இருக்கிறது. பிறந்த எடை ஐந்து மாதத்தையொட்டி இரட்டிப்பாகும். கிளினிக்கில் கொடுத்த புத்தகத்தில் அந்தக் கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தால், கக்கியது போக மிஞ்சியது குழந்தைக்குப் போதுமானதாக இருக்கிறது.

அந்த இளம் தாயின் புத்தகத்தையும் நாம் வாங்கிப் பார்த்தோம். பிறந்தபோது 2.9 கிலோ, நான்கு மாதத்தில் 6.1 கிலோ. மாமியாரிடம் காட்டினோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். "அப்ப பால் ஆகுதுங்கிறீங்க" என்றார். பிறகு மருமகளிடம், "நாளைக்கு வந்ததும் கொஞ்சம் பீய்ச்சிட்டுக் கொடு. பீய்ச்சினதக் கொட்டாத, எங்கிட்டக் கொடு, நான் கரண்டியில ஊட்டிக்கிறேன்" என்றார். குழந்தை அதற்குள் அவர் தோளில் ஒரு முறை கக்கி முடித்திருந்தது.