எஞ்சியவை – 11: ஓரியின் வில் எங்கே?

காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலையின் செம்மேடு. அங்கே சங்க கால மன்னன் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அரசு விழாவும் வில்வித்தைப் போட்டியும் நடக்கின்றன. அந்தச் சிலை 20-ஆம் நூற்றாண்டில் வைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். இதுதான் ஓரி பிடித்த வில், இதுதான் அவன் எய்த அம்பு என்று இந்த மலையில் யாரும் எதையும் காட்டிக் காசு வாங்குவதில்லை. எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு.

ஓரியைப் பற்றி நம்மிடம் இருப்பது பாட்டு மட்டுமே. ஓர் அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் துளைத்துக்கொண்டு போய் உடும்பில் தைத்ததைப் புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் பாடியிருக்கிறார். திருமுடிக்காரி என்ற மன்னன் ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்த செய்தி அகநானூற்றில் வருகிறது. பாட்டு ஒரு சான்று. ஆனால் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க முடியாது. நாளைக்கே ஒருவர் துருப்பிடித்த அம்பு முனை ஒன்றைக் கொண்டுவந்து, கீழே ‘ஓரியுடையது’ என்று சீட்டு ஒட்டினால் அது பொய் என்று எப்படிச் சொல்வோம்? 2,000 ஆண்டு பழைய போர் என்பதால்தான் இந்தச் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். 80 ஆண்டுகளுக்கு முன் நடந்த இரண்டாம் உலகப் போரின் பொருள்களிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. அதிலும் பாராசூட் வீரர்களின் பொருள்களில் மிக அதிகம்.

1944 ஜூன் 5-ஆம் தேதி இரவு. நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு, ஜெர்மானியரைத் திசைதிருப்ப பிரிட்டிஷ் விமானங்கள் பொம்மைகளைப் பாராசூட்டில் இறக்கிவிட்டன. அந்த நடவடிக்கைக்கு டைட்டானிக் என்று பெயர். பொம்மைகளை ரூபர்ட் என்று அழைத்தார்கள். உண்மையான ரூபர்ட் வெறும் சாக்குத் துணி உருவம். கையும் காலும் ஏதோ இருக்கும், முகம் கிடையாது, உயரம் மூன்றடிக்குள். இருட்டில் வானத்திலிருந்து இறங்கும் பொம்மைக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

1962-இல் ‘தி லாங்கஸ்ட் டே’ படம் வந்தது. அதில் வரும் பொம்மைகள் ரப்பரில் செய்தவை. முகம், சீருடை, பூட்ஸ் என எல்லாம் அச்சு அசலாக இருக்கும். படத்தைப் பார்த்தவர்கள் மனதில் ரூபர்ட் என்றால் அந்த ரப்பர் பொம்மைதான் என்று பதிந்துவிட்டது. பிறகு சேகரிப்பாளர்கள் சந்தைக்கு அதே மாதிரி ரப்பர் பொம்மைகளும் உலோகப் பொம்மைகளும் வந்தன. போர்க்காலத்து அசல் என்று நம்பிப் பெரும் பணம் கொடுத்து வாங்கினார்கள். அசலான சாக்குத் துணிப் பொம்மையோ பார்க்க அழகில்லாததால் பலர் கண்ணில் படாமலே போயிற்று. போலி எப்போதும் நாம் எதிர்பார்க்கும் முகத்தோடுதான் வருகிறது.

கிளிக்கர் கதையும் இப்படித்தான். அமெரிக்காவின் 101-ஆவது வான்வழிப் பிரிவு வீரர்களுக்குக் கட்டைவிரல் அளவு பித்தளைப் பொருள் ஒன்றைக் கொடுத்தார்கள். அமுக்கினால் ‘கிளிக்’ என்று சத்தம் வரும். இருட்டில் ஒருவன் ஒருமுறை அமுக்கினால் எதிரில் இருப்பவன் இருமுறை அமுக்க வேண்டும். அப்படிச் செய்தால் நம்ம ஆள். பர்மிங்காமில் விசில் செய்யும் ஆக்மி நிறுவனம் இவற்றில் சுமார் 7,000 செய்து கொடுத்தது. 2019-இல், நார்மண்டிப் படையெடுப்பின் 75-ஆம் ஆண்டை ஒட்டி, அசல் கிளிக்கர் யாரிடமாவது இருக்கிறதா என்று அந்த நிறுவனமே உலகெங்கும் கேட்டுத் தேட வேண்டியிருந்தது. நகல்களோ நார்மண்டியின் நினைவுப் பொருள் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன. அவற்றை நகல் என்று சொல்லி விற்பதில் தவறே இல்லை. ஒரு தலைமுறை கழித்து, அதே நகல் தாத்தாவின் பெட்டியிலிருந்து வந்த பொருளாக ஒரு அருங்காட்சியகத்துக்குள் நுழையும்போதுதான் வினை.

ஹெல்மெட் விஷயம் இன்னும் மோசம். ஜெர்மன் பாராசூட் வீரர்களின் ஹெல்மெட்டுக்கு, காற்றிலும் கயிற்றிலும் மாட்டாமலிருக்க, அகன்ற விளிம்பு கிடையாது. அதனால் சாதாரணக் காலாட்படை ஹெல்மெட்டின் விளிம்பை வெட்டி, ராவி, மேலே பழைய நிறத்தைப் பூசி விற்கிறார்கள். விளிம்பை விரலால் தடவிப் பார்த்தால் அரத்தின் தடம் தெரியும் என்பார்கள் பழகியவர்கள். உள்ளே இருக்கும் தோல் பட்டையும் திருகாணிகளும் அந்தக் காலத்தவையா என்று பார்ப்பார்கள். நமக்கு அந்த வாய்ப்பு இல்லை. நாம் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறோம்.

நம் நாட்டுக்கு வருவோம். 1941 அக்டோபரில் 50-ஆவது இந்திய பாராசூட் பிரிகேட் உருவானது. இந்தியர்களில் முதலில் குதித்தவர்களில் ஒருவர் பெயரிலேயே ஆற்காட்டைச் சுமந்த மருத்துவர், ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். பின்னாளில் கொரியப் போரில் 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். 1951 மார்ச் 23 அன்று முன்சன்-னியில் அமெரிக்க வீரர்களோடு அந்தப் பிரிவிலிருந்து 12 இந்தியர்கள் குதித்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. இந்தப் பெயர் நம் பள்ளிப் பாடங்களில் இல்லாதது எனக்குப் பெரிய வருத்தம்.

50-ஆவது பிரிகேட்டின் மிகக் கடுமையான போர் 1944 மார்ச்சில் மணிப்பூரின் சாங்ஷாக்கில் நடந்தது. அங்கே அவர்கள் பாராசூட்டில் குதிக்கவே இல்லை. காலாட்படையாக நின்று போரிட்டார்கள். வானிலிருந்து இறங்கியவை தண்ணீரும் தோட்டாவும் மருந்தும்தான். அவற்றிலும் பெரும்பகுதி ஜப்பானியர் பக்கம் விழுந்தது. ஆகவே, சாங்ஷாக்கில் கிடைத்தது என்று ஒரு பாராசூட் துணியைக் காட்டி, வீரன் இதில்தான் இறங்கினான் என்று யாராவது எழுதினால், துணி அசலாகவே இருக்கலாம், எழுத்து பொய். பர்மாப் போர்முனையில் பட்டும் நைலானும் போதாமல், ஜெனரல் ஸ்லிமின் 14-ஆவது படைக்குக் கல்கத்தாவில் சணலில் பாராசூட் செய்தார்கள். அவை சரக்குக்கு மட்டும், ஆளுக்கு அல்ல. சணல் பாராசூட்டைப் பார்த்தால் அது மூட்டை இறக்கியது என்று கொள்ளலாம்.

படங்களையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். 1971 டிசம்பர் 11 அன்று இரண்டாவது பாராசூட் பட்டாலியன் வங்கதேசத்தின் டாங்கைலில் இறங்கி பூங்லி பாலத்தைக் கைப்பற்றியது. இறங்கியது ஒரு பட்டாலியன்தான். ஆனால் ஒரு பிரிகேட்டே, 5,000 பேர் இறங்கிவிட்டார்கள் என்று செய்தி பரவியது. அப்போது பத்திரிகைகளுக்குப் போன படம், ஆக்ராவில் நடந்த பிரிகேட் பயிற்சியின் பழைய படம். ராணுவத்தின் மக்கள் தொடர்பு அதிகாரியாக இருந்த ராமமோகன் ராவ் இதைப் பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் படம் போரின்போது எதிரியைக் குழப்பியது. அதன் பயன் அன்றோடு முடிந்தது. இன்று ஒரு சுவரில் ‘டாங்கைல், 1971’ என்று எழுதி அதை மாட்டினால், குழப்பத்துக்கு உள்ளாவது நம் பிள்ளைகள். உண்மையாகவே டாங்கைலில் குதித்தவர்களுக்கும் அது அநியாயம்.

பொருளைவிட அதன் வரலாற்றுச் சீட்டுதான் முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான். யார் அணிந்தது, எங்கே கிடைத்தது, யார் கையிலிருந்து எப்போது வந்தது என்ற மூன்றும் இல்லாத பொருள், அசலாக இருந்தாலும் ஊமை. நகல் வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நார்மண்டியின் செயின்ட் மேர் எக்லீஸ் ஊரில் ஜான் ஸ்டீல் என்ற அமெரிக்க வீரர் தேவாலயத்தின் மேல் பாராசூட் சிக்கித் தொங்கினார். இன்றும் அங்கே ஒரு பொம்மையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அது பொம்மை என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் ஏமாறுவதில்லை. செம்மேட்டுச் சிலையும் அந்த வகை நேர்மைதான்.

நாமக்கல், சேலம், வேலூர் வட்டாரங்களில் ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய குடும்பங்கள் நிறைய. உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பதக்கமோ பெல்ட்டோ பழைய போர்வையோ இருந்தால், இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: தாத்தாவின் பெயர், படையெண், பிரிவு, அந்தப் பொருள் உங்களுக்கு வந்த வழி. தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் அந்தத் தாளையும் சேர்த்துக் கொடுத்து ரசீது வாங்குங்கள். முதல் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். புளி போட்டுத் தேய்த்து அதை அழித்துவிடாதீர்கள்.