சூடு தாங்கினால் மட்டும் போதாது: பெட்ரோல் ஹோஸ் வாங்குவது எப்படி?

பழைய காரின் பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடித்தால் முதலில் பார்க்க வேண்டியது ஹோஸைத்தான். மடக்கிப் பார்த்தால் வளைவில் முடி போன்ற மெல்லிய கீறல்கள் தெரியும். கிளாம்ப் கவ்விய இடத்தில் ரப்பர் கல்லாக இறுகியிருக்கும். அப்படியிருந்தால் உடனே மாற்றியாக வேண்டும். எதைப் போட்டு மாற்றுகிறோம் என்பதில்தான் ஆபத்தான தவறு நடக்கிறது.

‘சூடு தாங்குற ஹோஸ் கொடுங்க’ என்று மட்டும் கேட்டால் கைக்கு வருவது சிலிகான் ஹோஸாகவும் இருக்கலாம். 200 டிகிரி சூடு கூட அதற்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் சாதாரண சிலிகான் பெட்ரோல் பட்டால் உப்பிவிடும். அதன் சுவர் வழியே பெட்ரோல் ஆவி வெளியேறிக்கொண்டே இருக்கும். ரேடியேட்டர் ஹோஸுக்குப் பயன்படும் இ.பி.டி.எம். ரப்பரும் இதே ரகம்தான். கொதிக்கும் கூலன்ட்டை ஆண்டுக்கணக்கில் தாங்கும், பெட்ரோலில் ஊறினால் வீங்கித் தளர்ந்துவிடும். வெளியிலிருக்கும் சூட்டையும் உள்ளே ஓடும் பெட்ரோலையும் ஒருசேரத் தாங்கும் ஹோஸ்தான் நமக்கு வேண்டும்.

அதை ஹோஸின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்துகளே சொல்லிவிடும். அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. அமைப்பு வகுத்த ஜே30 தரநிலையில் நாம் தேடுபவை ‘30ஆர்7’, ‘30ஆர்9’ என்ற இரண்டும். ஆர்7 ஹோஸின் உட்சுவர் பொதுவாக நைட்ரைல் ரப்பர். அழுத்தம் 50 பி.எஸ்.ஐ. வரை. கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800 போன்ற கார்களில் பம்ப் தரும் அழுத்தம் சில பி.எஸ்.ஐ.தான் என்பதால் அங்கே அது தாங்கும். பெட்ரோலை இன்ஜெக்டர்கள் வழியே பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின் கதையே வேறு. அதில் அழுத்தம் பெரும்பாலும் 3 பார், அதாவது சுமார் 44 பி.எஸ்.ஐ. ஆர்7-இன் எல்லையை உரசும் அளவு அது. அங்கே ஆர்9 தவிர வேறெதையும் போடக் கூடாது. 100 பி.எஸ்.ஐ. தாங்கும் இந்த ஹோஸின் உட்சுவர், வைட்டான் என்ற வணிகப் பெயரால் பலரும் அறிந்த ஃப்ளோரோகார்பன் ரப்பரால் ஆனது. நல்ல தயாரிப்புகள் தொடர்ந்து 135 டிகிரி வரை தாங்கும்.

கார்புரேட்டர் கார் வைத்திருப்பவர்களும் ஆர்9 வாங்குவதே நல்லது. காரணம், 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். இந்தியாவில் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த அது இன்று பங்க்குகளில் சாதாரணமாகிவிட்டது. பழைய நைட்ரைல் ரப்பரில் இருக்கும் மென்மையூட்டிகளை எத்தனால் கரைத்து எடுத்துவிட, ரப்பர் விறைத்து வெடிக்கிறது. 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடியபின் சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது.

ஓடும்போதைவிட, ஓடி நின்ற பிறகுதான் பானெட்டுக்குள் சூடு ஏறும். காற்றோட்டம் நின்றுபோக, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் அனல் அப்படியே தேங்கும். அதை ஒட்டி ஹோஸைக் கொண்டுபோகாமல் இருப்பதே முதல் பாதுகாப்பு. வேறு வழியே இல்லையென்றால் கண்ணாடியிழை உறை போடலாம். ஆனால் உறைக்குள் கசிவு கண்ணில் படாது என்பதால் அவ்வப்போது விலக்கிப் பார்க்க வேண்டும்.

டேங்க்குக்குள் மூழ்கியிருக்கும் பம்புக்கு ஆர்9 ஆகாது. அதன் வெளிச்சுவர் பெட்ரோலில் ஊறுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அங்கே 30ஆர்10தான் வேண்டும். காமன் ரெயில் டீசலிலும் நேரடி இன்ஜெக்ஷன் பெட்ரோலிலும் உயர் அழுத்தப் பகுதியில் இருப்பது எஃகுக் குழாய். அதன் இடத்தில் எந்த ரப்பர் ஹோஸும் நிற்காது.

கிளாம்ப்பையும் புதிதாக வாங்குங்கள். பட்டையில் வெட்டுத்துளை உள்ள சாதாரண கிளாம்ப் இறுக்க இறுக்க ரப்பரைக் கடிக்கும். ஓரம் மழுங்கிய இன்ஜெக்ஷன் கிளாம்ப் கடிக்காது. எம்.பி.எஃப்.ஐ. காரில் பழைய ஹோஸைக் கழற்றுவதற்கு முன் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, எஞ்சினை அது தானாக அணையும் வரை ஓடவிட்டால் அழுத்தம் இறங்கும். பிறகு எஞ்சின் ஆறியதும் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றலாம். புது ஹோஸை மாட்டி, ஃபியூஸையும் பேட்டரியையும் இணைத்தபின், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை இரண்டு மூன்று முறை ஆன் செய்து, ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.