உபதேசியாராக 22 ஆண்டுகள்: நிக்கோபாரின் முதல் பேராயர் உருவான விதம்

ஸ்ரீ விஜயபுரம்: கிறிஸ்தவ குருமாரை உருவாக்குவது இறையியல் கல்லூரியா, வழிபடும் சபையா என்ற கேள்வி திருச்சபைகளில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. கராச்சர்மா முதல் கார் நிக்கோபார் வரை தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் அந்தமான் நிக்கோபாரின் திருச்சபை வரலாறு இக்கேள்விக்கு முக்கியமான எடுத்துக்காட்டை அளிக்கிறது.

குருமடங்களின் தோற்றம்

தொடக்க நூற்றாண்டுகளில் ஆயரின் அருகிலிருந்து, வாசகராகவும் உதவிகுருவாகவும் பணியாற்றியே பலர் குருக்களாயினர். மறைமாவட்டந்தோறும் குருமடம் அமைக்குமாறு திரிதெந்து பொதுச்சங்கம் 1563-இல் ஆணையிட்ட பின்னரே, தனி நிறுவனங்களில் பயிற்றுவிக்கும் முறை கத்தோலிக்கத் திருச்சபையில் பரவலானது. இந்தியாவில் செராம்பூர் கல்லூரி 1818-ஆம் ஆண்டிலும், கொல்கத்தா பிஷப் கல்லூரி 1820-ஆம் ஆண்டிலும் நிறுவப்பட்டன.

தமிழ் உபதேசியாரின் மாணவர்

கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் 1890-களில் பணியைத் தொடங்கியவர் வேதப்பன் சாலமோன் என்ற தமிழ் உபதேசியார். நிக்கோபாரிச் சிறுவர்களுக்கு எழுத்தையும் ஜெபத்தையும் ஒருங்கே கற்பித்தார். அவரிடம் பயின்ற ஜான் ரிச்சர்ட்சன், பர்மாவின் மாண்டலே நகரில் உள்ள மிஷன் பள்ளியில் மேற்கொண்டு படித்தார்.

1912-இல் தீவுக்குத் திரும்பிய ரிச்சர்ட்சன், ஆசிரியராகவும் உபதேசியாராகவும் பணியாற்றினார். அவர் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டது 1934-இல்தான். இடைப்பட்ட 22 ஆண்டுகளும், தம் மக்களின் மொழியில் ஜெபிக்கவும் போதிக்கவும் அவருக்குக் கிடைத்த பயிற்சிக்காலமாகவே அமைந்தன.

ஜப்பானியர் ஆக்கிரமிப்பின்போது அவர் சிறைவாசம் அனுபவித்தார். போருக்குப் பின் கார் நிக்கோபார் மக்களில் பெரும்பான்மையோர் கிறிஸ்தவத்தைத் தழுவினர். 1950-இல் பேராயராக உயர்த்தப்பட்ட ரிச்சர்ட்சன், புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழியில் பெயர்த்தார். 1952-இல் முதலாவது மக்களவையின் நியமன உறுப்பினராகவும் ஆனார்.

இரண்டும் ஏன் தேவை?

வழிபாட்டு அனுபவம் மட்டும் போதுமென்று இவ்வரலாறு கூறவில்லை. மாண்டலேயில் பெற்ற கல்வி இல்லாமல் மொழிபெயர்ப்புப் பணி அரிதாகியிருக்கும். வேதாகம மூலமொழிகள், திருச்சபை வரலாறு, ஆற்றுப்படுத்தல் ஆகியவற்றை முறையாகக் கற்காத குரு, கேட்டதையே திரும்பச் சொல்லும் நிலைக்கு ஆளாகலாம்.

அதேவேளையில், சிறுமொழிச் சமூகத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பல ஆண்டுகள் தாயகத்தைப் பிரிந்து வேற்றுமொழியில் மட்டுமே இறையியல் பயின்றால், நோயாளியின் படுக்கையருகிலும் கல்லறைத் தோட்டத்திலும் சொல்ல வேண்டிய சொற்கள் அவருக்கு அந்நியமாகும் அபாயம் உண்டு. அச்சொற்களைக் கல்லூரியால் மட்டும் கற்பிக்க இயலாது. சபையோடு சேர்ந்து ஜெபிப்பதன் மூலமே அவை வசப்படுகின்றன.