சொற்சதுரமும் அதன் திறவுகோலும்

எழுத்துகளைக் கட்டங்களில் நிரப்பி, எத்திசையில் வாசிப்பினும் ஒன்றே வரச் செய்யும் கலை பல மொழிகளில் உண்டு. அவற்றுள் உலகப் புகழ் பெற்றது இலத்தீன் மொழியின் ஐஞ்சொற் சதுரம். சாத்தோர், அரெப்போ, தெநெத், ஒபெரா, ரோத்தாஸ் என்னும் சொற்கள் இலத்தீனில் ஐந்தைந்து எழுத்துடையவை. 25 கட்டங்களில் அமைந்த இவற்றை நாற்றிசையில் எவ்வழி வாசித்தாலும் அதே சொற்களே கிடைக்கும். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலிற் புதைந்த பொம்பேயி நகரத் தூணொன்றில் இச்சதுரம் 1936இல் கண்டறியப்பட்டது. ஆதலின் இதன் பழைமையில் ஐயமில்லை.

ஐயத்திற்குரியது பொருளேயாகும். விதைப்பவன் சக்கரங்களை முயன்று பற்றியிருக்கிறான் எனப் பலர் பொருளுரைப்பர். ஆனால் ‘அரெப்போ’ என்னும் சொல் இலத்தீனில் வேறெங்கும் காணப்படவில்லை. அதனை ஆட்பெயரெனக் கொள்வாரும் உளர். எழுத்துகளை இடம் மாற்றினால் ‘பாத்தெர் நொஸ்தெர்’ என்னும் கிறித்தவ செபத்தொடக்கம் சிலுவை வடிவில் இருமுறை அமையுமென 1926இல் பெலிக்ஸ் குரோசர் காட்டினார். எனினும், கி.பி. 79இற்கு முற்பட்ட பொம்பேயியில் கிறித்தவக் குறியீடு இவ்வாறு வழங்கியிருக்குமா என்னும் வினா அக்கருத்தை வலுவிழக்கச் செய்கின்றது.

தமிழ் மரபில் இதற்கு நிகரானவை மாலைமாற்றும் சருப்பதோபத்திரமும் ஆகும். ‘விகடகவி’ என்னும் சொல்லைப் போன்று, முடிவிலிருந்து வாசிப்பினும் மாறாத செய்யுள் மாலைமாற்று. ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் இம்முறையில் ஒரு பதிகமே பாடினார். எட்டெழுத்துடைய நான்கடிகள் 64 அறைகளில் எப்பக்கமும் ஒத்து வருவது சருப்பதோபத்திரம். இவற்றின் இலக்கணத்தைத் தண்டியலங்காரம் கூறுகின்றது. சொற்கள் அரியனவாயினும், பதம் பிரித்துப் பொருள் காட்டும் உரை மரபு இவற்றைப் புதிராகாமற் காத்தது.

அறபு மரபிலும் இத்தகைய சான்றுண்டு. ஒன்று முதல் ஒன்பது வரையான எண்களை ஒன்பது கட்டங்களில், எப்பக்கம் கூட்டினும் 15 வருமாறு நிரப்பினால், நான்கு மூலைகளிலும் 2, 4, 6, 8 அமையும். இவ்வெண்களுக்குரிய பே, தால், வாவ், ஹா என்னும் எழுத்துகள் ‘புதூஹ்’ என்னும் சொல்லாகின்றன. கடிதம் பத்திரமாகச் சென்றுசேர உறையின் மீது இதனை எழுதும் வழக்கமும் இருந்தது. ‘அரெப்போ’வைப் போன்றே இதற்கும் அகராதிப் பொருளில்லை. ஆயினும், எழுத்துகளுக்கு எண்மதிப்புக் கூறும் அப்ஜத் முறையை நாம் அறிவதால் இதன் தோற்றம் விளங்குகின்றது.

இவ்வொப்பீட்டினால் நாம் பெறும் முடிவு ஒன்றே. இலத்தீன் சதுரத்தின் மர்மம் அதன் எழுத்துகளில் இல்லை. அதனை விளக்கியோரின் சொல் நம்மை வந்தடையாமையே அம்மர்மத்திற்குக் காரணம்.

நிந்தவூர் முதலிய அம்பாறைக் கரையோர ஊர்களில் வாழும் நமக்கு இம்முடிவு வெறும் புறச்செய்தியன்று. எண்களும் அறபெழுத்துகளும் கட்டங்களில் எழுதப்பட்ட இசிம்களையும் தாயத்துகளையும் நம் முதியோர் அறிவர். இவற்றை மார்க்கம் ஏற்குமா என்பதில் கருத்து வேறுபாடுண்டு. அது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையோர வீடுகளை அழித்தபோது, அவற்றிலிருந்த ஏடுகள் தப்பியிருத்தல் அரிது. எஞ்சியுள்ள தாள்களைப் படம்பிடித்தல் மாத்திரம் போதாது. எழுதும் முறை யாது, எதன்பொருட்டு எழுதப்பட்டது, யாரிடமிருந்து கற்கப்பட்டது என்பவற்றை அறிந்தோர் வாய்மொழியாகவே பதிவு செய்தல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இப்பணியைத் தாமதமின்றி மேற்கொள்ளுதல் கடனாகும்.