நீச்சல் குளத்தில் ஓசையின்றி நேரும் ஆபத்து

கோடை விடுமுறை தொடங்கியதும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொது நீச்சல் குளங்கள் குழந்தைகளால் நிரம்பிவிடுகின்றன. நீரில் மூழ்கிய குழந்தையுடன் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடிவரும் பெற்றோர், "பக்கத்தில்தான் இருந்தோம், சத்தமே கேட்கவில்லை" என்று கூறுவதுண்டு. அவர்கள் கூறுவது உண்மையே.

மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை. வாய் நீர்மட்டத்திற்கு மேலே வரும் கணநேரத்தில் மூச்சை இழுக்க மட்டுமே இயலும். குரலெழுப்ப அவகாசம் இராது. கைகள் தம்மையறியாமல் பக்கவாட்டில் நீரை அழுத்திக்கொண்டிருக்கும். உடல் செங்குத்தாகவும் தலை பின்னோக்கிச் சாய்ந்தும் காணப்படும். தொலைவிலிருந்து நோக்குவோருக்கு அது விளையாட்டாகவே தோன்றும். ஆக்சிஜன் தடைபட்ட சில நிமிடங்களிலேயே மூளை பாதிப்படையத் தொடங்குகிறது.

குளக்கரையில் பெரியவர்கள் பலர் இருப்பதே சில வேளைகளில் ஆபத்தாகிவிடுகிறது. மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் எண்ணுகின்றனர். ஆகவே, "அடுத்த 15 நிமிடம் நான் பார்க்கிறேன்" என ஒருவர் வெளிப்படையாகப் பொறுப்பேற்று, பின்னர் மற்றொருவரிடம் ஒப்படைப்பது நல்லது. அந்த நேரத்தில் அவர் கையில் கைப்பேசி இருத்தலாகாது. நீந்தத் தெரியாத குழந்தையாயின், கை நீட்டினால் எட்டும் தொலைவில், நீருக்குள்ளேயே பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். காற்றடைத்த டியூப்பும் கைப்பட்டைகளும் விளையாட்டுப் பொருள்களே. அவை நழுவும், கவிழும். நீச்சல் பயின்ற குழந்தைக்கும் மேற்பார்வை தேவை.

வலிப்பு நோய்க்கு மருந்து உட்கொள்ளும் குழந்தைகளைக் குளத்திற்கு அழைத்துச் செல்லுமுன் மருத்துவரைக் கலந்தாலோசியுங்கள். தண்ணீரில் வரும் வலிப்பும் ஓசையற்றதே. நீண்ட கூந்தலைக் கட்டிவிட்டு, நீர் வெளியேறும் துவாரத்தின் அருகே செல்லாதிருக்கப் பழக்குங்கள். அதன் மூடி உடைந்திருப்பின் குளத்தில் இறங்கவே வேண்டாம். நாற்புறமும் வேலியும் தானே மூடிக்கொள்ளும் கதவும் இல்லாத குளமெனில், அவற்றைக் குடியிருப்போர் சங்கத்திடம் கேட்டுப் பெறுங்கள். குளிக்கும் நேரம் முடிந்த பின்னர் மிதக்கும் பந்தை எடுக்கத் தனியே வரும் சிறு குழந்தைக்கு அந்தக் கதவே காவல்.

மூழ்கிய குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும், வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்ற முயல்வதும் இன்னும் வழக்கத்தில் உள்ளன. இவற்றால் விலைமதிப்பற்ற நிமிடங்கள் வீணாகின்றன. வயிற்றிலுள்ளவை நுரையீரலுக்குள் செல்லவும் கூடும். குழந்தை மூச்சுவிடவில்லையெனில் சமதரையில் மல்லாக்கக் கிடத்தி, முதலில் வாயோடு வாய் வைத்துச் செயற்கைச் சுவாசம் அளிக்க வேண்டும். அசைவு திரும்பாவிடில் மார்பு அழுத்தத்தையும் தொடங்க வேண்டும். உடனிருப்பவர் 108-ஐ அழைக்கட்டும். இம்முறையை முன்னரே நேரில் பயின்றிருத்தல் பெரிதும் உதவும்.

மூச்சு திரும்பிய குழந்தை எழுந்து அமர்ந்து பேசினாலும் வீட்டிற்கு அழைத்துச் சென்றுவிடாதீர்கள். நுரையீரலில் நீர் புகுந்ததன் விளைவு சில மணி நேரம் கழித்தும் தெரியவரலாம். தொடர் இருமல், வேகமான மூச்சு, வழக்கத்திற்கு மாறான உறக்கம் ஆகியவை தோன்றும் வரை காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். சில மணி நேரம் கண்காணித்த பின்னரே அனுப்பிவைப்போம்.