துப்பாக்கி இருக்கிறது... குறி இருக்கிறதா?

ஆவடிக்காரர்களுக்குத் துப்பாக்கி புதிதல்ல. ஒரு பக்கம் ராணுவத்துக்கு டாங்க் தயாரிக்கும் கனரக வாகனத் தொழிற்சாலை. இன்னொரு பக்கம் சி.ஆர்.பி.எஃப் முகாம், தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் பட்டாலியன்கள். தோளில் துப்பாக்கியோடு நிற்கும் காவலரைப் பார்க்காமல் அந்த ஊரில் ஒரு நாள் கழியாது.

ஆனால், அங்கேயும் ஒரு பேச்சு உண்டு. "அவர் வீட்ல லைசென்ஸ் துப்பாக்கி இருக்கு தெரியுமா? ஆள் சூப்பரா சுடுவார்!" துப்பாக்கி இருப்பது உண்மையாக இருக்கலாம். சுடத் தெரியும் என்பதற்கு அது சாட்சி இல்லை. வீட்டில் வீணை இருப்பதால் யாரும் வித்வான் ஆகிவிடுவதில்லையே!

லைசென்ஸ் தருவது என்ன?

1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, பொதுவாக 21 வயது நிறைந்தவர்தான் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க முடியும். போலீஸ் விசாரணை உண்டு. துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் அடிப்படைப் பயிற்சியை 2016-ம் ஆண்டு விதிகள் வலியுறுத்துகின்றன. 2019-ல் வந்த திருத்தம், சாதாரண லைசென்ஸ்தாரர் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. கல்யாணக் கொண்டாட்டத்தில் வானத்தை நோக்கிச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால், இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

இவ்வளவையும் தாண்டி வாங்கிய துப்பாக்கி, பல வருடங்கள் துணி சுற்றி பீரோவிலேயே கிடந்தால்? லைசென்ஸைப் புதுப்பித்துவிடலாம். கைப்பழக்கத்தை அப்படிப் புதுப்பிக்க முடியாது. தினமும் ஆயுதம் ஏந்தும் காவலர்களையே திரும்பத் திரும்பப் பயிற்சித் தளத்துக்கு அனுப்புவது அதனால்தான்.

அரை மில்லிமீட்டர் புள்ளி

10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில், இலக்கின் நடுவில் இருக்கும் 'பத்து' வெறும் 0.5 மில்லிமீட்டர் அகலம்தான். பேனா முனையால் வைத்த புள்ளி மாதிரி. தகுதிச் சுற்றில் 75 நிமிடங்களுக்குள் 60 முறை அதைக் குறிவைக்க வேண்டும்.

புதிதாகச் சுடுபவர் செய்யும் பெரிய தவறு, கண்ணில் இல்லை, விரலில் இருக்கிறது. சத்தமும் உதைப்பும் வரப்போகிறது என்ற பயத்தில் ட்ரிக்கரை வெடுக்கென்று இழுத்துவிடுவார். குறி அங்கேயே தவறிவிடும். அதனால்தான் பெரிய வீரர்கள்கூட குண்டில்லாத துப்பாக்கியை வைத்து நிற்பது, மூச்சை அடக்குவது, ட்ரிக்கரை மெதுவாக அழுத்துவது என்று பல மணி நேரம் பழகுகிறார்கள்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஒரு கையை பேன்ட் பாக்கெட்டில் விட்டபடி, சாதாரணக் கண்ணாடியோடு சுட்டு வெள்ளி வென்ற துருக்கி வீரர் யூசுஃப் டிகெச்சின் படம் எல்லோருடைய போனுக்கும் வந்திருக்கும். அப்போது அவருக்கு வயது 51. அது அவருடைய ஐந்தாவது ஒலிம்பிக்ஸ். அந்த அலட்டலில்லாத நிற்பதற்குப் பின்னால் இருப்பது பல வருடப் பயிற்சி.

நம் ஊரிலும் உதாரணங்கள் உண்டு. புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்தவர் பிரித்விராஜ் தொண்டைமான். அவருக்கும் மற்ற வீரர்களுக்கும் பறந்து வரும் களிமண் தட்டு ஒன்றுதான். அதைச் சுட்டுப் பழகித்தான் 2023-ல் நடந்த ஆசிய விளையாட்டில் குழுப் பிரிவில் தங்கம் வென்றார். சினிமாவில் விதவிதமான துப்பாக்கி பிடித்த அஜித்குமாரும், 2021, 2022-ம் ஆண்டுகளின் மாநிலப் போட்டிகளில் பதக்கம் வெல்வதற்கு முன்பு பயிற்சித் தளத்தில் நிற்க வேண்டியிருந்தது.

முதல் பாடம் சுடுவது அல்ல

பழகியவரை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடலாம். துப்பாக்கியை எடுத்ததும் குழாயை ஆள் இல்லாத பக்கம் திருப்புவார். உள்ளே குண்டு இருக்கிறதா என்று பார்ப்பார். விரல் ட்ரிக்கருக்கு வெளியே இருக்கும். பழகாதவரின் விரல் முதலில் போவதே ட்ரிக்கருக்குத்தான். நள்ளிரவில், இருட்டில், பதற்றத்தில் அந்த விரல் என்ன செய்யும்? திருடனைவிட, தண்ணீர் குடிக்க எழுந்து வந்த பிள்ளைக்குத்தான் அங்கே ஆபத்து அதிகம்.

அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ உங்கள் பிள்ளை, "எனக்கும் ஷூட்டிங் கத்துக்கணும்" என்று கேட்டால், உடனே துப்பாக்கி வாங்கிக் கொடுக்காதீர்கள். அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப்பில் பயிற்சியாளரிடம் சேருங்கள். கிளப் துப்பாக்கியில் சில மாதம் பழகட்டும். 20 ஜூலுக்கு மிகாத .177 ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதால் அது பொம்மையாகிவிடாது. கண்ணைப் பறிக்க அதுவே போதும்.

ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருப்பவரா? கடைசியாக எப்போது பயிற்சித் தளத்துக்குப் போனீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஞாபகம் வரவில்லை என்றால், அடுத்த ஆயுத பூஜைக்கு அதற்குப் பொட்டு வைப்பதற்கு முன்பாக, ஒரு பயிற்சியாளரிடம் நேரம் கேட்டுவிடுங்கள்.