கோபத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பது என்ன?



'ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு' என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். ஆனா அந்த ஆத்திரம் எங்கிருந்து வருது, வந்தா என்ன செய்யணும்னு யாரும் சொல்லித் தருவதில்லை. கணக்குக்கு டியூஷன் இருக்கு, இங்கிலீஷுக்கு டியூஷன் இருக்கு. மனசுக்கு? அதுக்கும் வழி இருக்கிறது என்று நான் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். (அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன்.)

நான் செய்தது

எங்க அம்மா ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறார்கள். போன வருஷம் ஒரு நாள் நான் சயின்ஸ் ரெக்கார்டு நோட்டை வீட்டிலேயே மறந்துவிட்டேன். அம்மா வேலைக்குப் போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட கேட்டுக்கு வந்தாங்க. கம்பெனியில் கொடுத்த நீலக் கோட்டோட வந்தாங்க. என் கூட நின்ன பொண்ணு, "யாருடி அது?" ன்னு கேட்டா. "பக்கத்து வீட்டு ஆன்ட்டி" ன்னு சொல்லிட்டேன். அது அம்மா காதில் விழுந்தது. ஒண்ணும் சொல்லாம நோட்டைக் கொடுத்துட்டுப் போயிட்டாங்க.

ராத்திரி அம்மா திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை. திட்டவே இல்லை. "சாப்புடுடி" ன்னு தட்டை வெச்சாங்க. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோவம் வந்ததோ, "நீ எதுக்கு அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்கு வந்த?" ன்னு கத்தித் தட்டைத் தள்ளிவிட்டேன். சோறெல்லாம் தரையில. தப்பு செஞ்சதும் நான், கத்தினதும் நான். இது எப்படி?

மிஸ் கேட்ட ஒரு கேள்வி

நாலைந்து நாள் நான் யாருகூடவும் பேசலை. ஒரு மிஸ் அதைக் கவனித்து, சாப்பாட்டு பெல்லுக்கு அப்புறம் வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டாங்க. அறிவுரை சொல்லுவாங்கன்னு நினைச்சேன். சொல்லவே இல்லை. "ம்... அப்புறம்?" ன்னு மட்டும் கேட்டாங்க. எல்லாத்தையும் சொல்லி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி. "கோவம் வர்றதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி உனக்குள்ள என்ன இருந்துச்சு?"

யோசித்துப் பார்த்தேன். "அசிங்கமா இருந்துச்சு மிஸ்."

"அம்மாவை நினைச்சா?"

"இல்ல மிஸ். என்னை நினைச்சுத்தான்."

அப்போதான் எனக்கே புரிந்தது. முன்னாடி வந்து சத்தம் போட்டது கோபம். பின்னாடி ஒளிந்திருந்தது அவமானம். தெருநாயை மூலையில் மடக்கினால் அது பயத்தில்தான் உறுமும். பார்க்கிற நமக்குக் கோபம் மாதிரி தெரியும். மனுஷங்களும் அப்படித்தான்.

மிஸ் இன்னொன்றும் சொன்னார்கள். 'நான் செய்தது தப்பு' என்பது குற்ற உணர்ச்சி. அதைத் திருத்திக்கொள்ளலாம். 'நானே மோசம்' என்பது அவமானம். அது ஆளையே ஒளிய வைக்கும், இல்லையென்றால் கத்த வைக்கும். முதலாவதைச் சொன்னால் மன்னிப்புக் கேட்க முடியும். இரண்டாவதிலேயே நின்றால் அழ மட்டும்தான் முடியும்.

உடம்பில் என்ன நடக்கிறது?

நம் மூளைக்குள் பாதாம் பருப்பு வடிவத்தில் 'அமிக்டலா' என்ற பகுதி இருக்கிறது. ஆபத்து என்று தோன்றினால் அது மணி அடிக்கும். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை விடும். இதயம் வேகமாகத் துடிக்கும், கை நடுங்கும், முகம் சூடாகும். அந்த நேரத்தில் நிதானமாக யோசிக்கிற மூளையின் முன்பகுதி பின்தங்கிவிடும். அதனாலதான் கோபத்தில் பேசியதை நினைத்து அப்புறம் வருத்தப்படுகிறோம். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டால் இதயத் துடிப்பு குறையும், யோசனை திரும்பி வரும்.

டீ போட்டுக் கொடுத்தவர்கள்

இது ஒரு உண்மைக் கதை. 1935-ல் இங்கிலாந்தில் சாட் வாரா என்ற இளம் பாதிரியார் ஒரு 14 வயதுப் பெண்ணின் இறுதிச் சடங்கை நடத்தினார். அந்தப் பெண்ணுக்கு மாதவிலக்கு வந்திருக்கிறது. அது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. ஏதோ கேவலமான நோய் என்று பயந்து, வெளியே சொல்ல வெட்கப்பட்டு, உயிரை விட்டுவிட்டாள். எனக்கும் 14 வயசுதான். இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு மருந்தே தேவைப்படலை. 'இது எல்லாருக்கும் வர்றதுதாம்மா' ன்னு சொல்ல ஒருத்தர் போதும்.

அதை மறக்காத அவர், 1953-ல் லண்டன் சர்ச்சில் ஒரு டெலிபோன் வைத்து, 'கஷ்டம் என்றால் கூப்பிடுங்கள்' என்று அறிவித்தார். நேரிலும் பலர் வந்தார்கள். காத்திருந்தவர்களுக்குத் தொண்டர்கள் டீ கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேச்சைக் கேட்டார்கள். நிறைய பேர் அவர்களிடம் பேசியே மனசு லேசாகி, பாதிரியாரைப் பார்க்காமலே திரும்பிவிட்டார்களாம்!

அதே வழியில் நம்ம சென்னையில் 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 'சினேகா' என்ற அமைப்பைத் தொடங்கினார். அங்கேயும் பேச்சைக் கேட்பது பயிற்சி பெற்ற தொண்டர்கள்தான். பிளஸ் டூவில் தோற்றவர்கள் அடுத்த வருஷம் வரை காத்திருக்காமல் சீக்கிரமே துணைத்தேர்வு எழுதலாம் என்ற ஏற்பாட்டுக்கும் சினேகா குரல் கொடுத்தது. அவமானப்பட்டவரை மட்டும் மாற்றினால் போதாது, அவமானப்படுத்துகிற முறையையும் மாற்ற வேண்டும் அல்லவா?

'கீழ்ப்பாக்கம்' என்று கிண்டல் செய்யலாமா?

நாம சண்டை போட்டா, "உன்னைக் கீழ்ப்பாக்கத்துலதான் சேர்க்கணும்" ன்னு சொல்லுவோம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை 1794-ல் தொடங்கப்பட்டது. 200 வருஷத்துக்கு மேல் எத்தனையோ பேரைப் பார்த்துக்கொண்ட இடம். அதைக் கெட்ட வார்த்தை ஆக்கினால் உதவி தேவைப்படுகிறவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். ஜுரம் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். மனசுக்கு வந்தால் மட்டும் ஏன் வெட்கம்?

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மனநல மருத்துவர் தேவையென்றால் மருந்து கொடுப்பார். மனநல ஆலோசகர் நம்மைப் பேச வைத்து, நாமே வழி கண்டுபிடிக்க உதவுவார். பயிற்சி என்பது அந்த வழியைத் தினமும் பழகுவது. சைக்கிள் மாதிரிதான், ஒரே நாளில் வராது.

நாம் பழகக்கூடியவை

1. கோபம் வந்தால் பெயர் வையுங்கள். இது கோபமா, பயமா, பொறாமையா, அவமானமா?
2. பத்து தடவை மூச்சை மெதுவாக விடுங்கள். அதற்குள் பதில் பேசாதீர்கள்.
3. நோட்டில் எழுதுங்கள். தேவையென்றால் கிழித்துப் போடலாம்.
4. நம்புகிற ஒருவரிடம் சொல்லுங்கள்.
5. யாராவது உங்களிடம் சொன்னால் சிரிக்காதீர்கள், பரப்பாதீர்கள். "ம்... அப்புறம்?" போதும். ஆனால் உயிருக்கு ஆபத்து போலத் தெரிந்தால் உடனே பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

எல்லாக் கோபமும் தப்பு இல்லை. ஒருவர் உங்களை அடித்தாலோ, தப்பாகத் தொட்டாலோ வருகிற கோபம் சரியான கோபம். அதை அடக்க வேண்டாம். அதில் அவமானப்பட வேண்டியது நீங்கள் இல்லை. 1098-க்குக் கூப்பிடுங்கள். மனக்கஷ்டத்துக்கு 14416 என்ற அரசு எண் இருக்கிறது. 2022-ல் தொடங்கப்பட்டது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக...

அன்னைக்குச் சாயங்காலமே அம்மாகிட்ட, "ஆன்ட்டின்னு சொன்னது தப்பும்மா" ன்னு சொன்னேன். அம்மா துணி மடித்துக்கொண்டே, "அந்தக் கோட்டைப் போட்ட மொத நாள் எனக்கும் அழுகையா வந்துச்சுடி" ன்னாங்க. அதை அதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்லையாம்.

நான் ஒண்ணுமே பேசலை. "ம்... அப்புறம்மா?" ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் பேசினாங்க.

நீங்களும் இன்னைக்கு வீட்டுல யாரையாவது ஒருத்தரைக் கேட்டுப் பாருங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி,
வண்டலூர்.